காலையில் இருபத்தாறு, மதியம் முப்பத்திரண்டு

நவம்பர் 15, சனி. இன்று ஒரு சின்னத் தவறு. முன் இடது டயருக்குக் காற்றுப் பார்த்துவிட்டு, வால்வு மூடியைத் திருப்பிப் போட மறந்துவிட்டேன். அது இப்போது என் பையில், பேனாக்களுக்கு நடுவே கிடக்கிறது. மூடி இல்லாவிட்டால் காற்று இறங்குமா, இறங்காதா என்று வகுப்பில் கேட்டிருக்கலாம். எல்லோருக்கும் தெரிந்தது எனக்கு மட்டும் தெரியவில்லையோ என்று பேசாமல் இருந்துவிட்டேன். நாளை அக்கா வண்டியில் ஏறுவதற்கு முன்பே போய் மூடியைப் போட வேண்டும்.

இதை எழுதியவளை அவள் வேலை பார்க்கும் டிரைவிங் ஸ்கூலில் ‘முப்பத்திரண்டு’ என்றுதான் கூப்பிடுவார்கள். பகலில் அங்கே ஃபோன் எடுப்பாள், யாருக்கு எந்த நேரம் வகுப்பு என்று பிரித்துக் கொடுப்பாள், டெஸ்ட் எடுக்கும் அலுவலகத்தோடு பேசி நாள் வாங்குவாள். மாலையில் மோட்டார் மெக்கானிக் வகுப்பு. அன்றன்று செய்த வேலையையும் செய்த தவறையும் எழுதிக்கொண்டு வரும்படி வகுப்பில் சொல்லியிருந்தார்கள். மற்றவர்கள் வேலையை மட்டும் எழுதினார்கள். இவள் தவறைத்தான் முதலில் எழுதுவாள். தவறே இல்லாத நாளில், எதையோ கவனிக்காமல் விட்டிருக்கிறோம் என்று அதையும் ஒரு தவறாக எழுதிவைப்பாள்.

பட்டப்பெயர் வைத்தது பிரேக் மாமா. ஸ்கூலின் முதலாளியும் வாத்தியாரும் அவரே. கற்றுக்கொள்ள வருபவரின் பக்கத்தில் உட்கார்ந்து, தன் காலடியில் இருக்கும் இரண்டாவது பிரேக்கை ஓயாமல் மிதித்துக்கொண்டிருப்பதால் அவருக்கு அந்தப் பெயர். ஸ்கூலுக்கு இருந்தது ஒரே வண்டி, பவர் ஸ்டீயரிங் இல்லாத, கைப் பலத்தால் திருப்ப வேண்டிய பழைய கார். அதன் டயர்களுக்குக் காற்றுப் பார்ப்பது மட்டும் இவள் பொறுப்பு, இவளே கேட்டு வாங்கிக்கொண்ட பொறுப்பு. அதற்கு முன் மாமாவுக்கு ஒரு முறை இருந்தது. டயரைக் காலால் ஒரு உதை விடுவார். உதைத்த கால் துள்ளித் திரும்பி வந்தால் காற்று இருக்கிறது என்று அர்த்தம். அதைப் பார்க்கச் சகிக்காமல்தான் இவள் காற்றை அளக்கும் கேஜைக் கையில் எடுத்தாள்.

எடுத்தவள் அரைகுறையாகச் செய்யவில்லை. டிரைவர் பக்கத்துக் கதவைத் திறந்தால் தெரியும் ஸ்டிக்கரில் நான்கு டயருக்கும் 32 என்று போட்டிருந்தது. ஆறிய டயரில் பார்க்க வேண்டும் என்றும் இருந்தது. மதிய வகுப்புகள் முடிந்து வண்டி ஷெட்டுக்குத் திரும்பியதும் ஹோஸ் பைப்பால் கழுவுவாள். பிறகு புறங்கையை ஒவ்வொரு டயர் மீதும் வைத்துப் பார்ப்பாள். ஜில்லென்று இருந்தால்தான் கேஜை வைப்பாள். கூடுதலாகக் காட்டினால் ‘உஸ்’ என்று கொஞ்சம் இறக்குவாள், குறைந்தால் ஏற்றுவாள். கடைசியில் ஷெட் சுவரில் தொங்கும் கரும்பலகையில் 32 என்று எழுதுவாள். தினமும் அதே எண்தான் என்பதால் பழையதை அழிக்காமல் அதன் மேலேயே எழுதி எழுதி, அந்த எண் பலகையில் புடைத்துக்கொண்டு நின்றது. முகம் பார்க்கும் கண்ணாடியைவிட அதைத்தான் அவள் அதிகம் பார்த்தாள்.

அவளுக்குப் புரியாத விஷயம் ஒன்றே ஒன்று. போன மாதம் முன் டயர்கள் இரண்டையும் மாற்ற வேண்டி வந்தது. டயரின் மேலே தரையைப் பிடிக்கும் கட்டம் கட்டமான பகுதியை அங்கே பட்டன் என்பார்கள். கழற்றிய டயர்களில் நடுப் பட்டன் புதுசு போல இருந்தது, இரண்டு ஓரங்களும் மொட்டை. டயர் கடைக்காரர் விரலால் தடவிப் பார்த்து, யார் இதைக் காற்றே இல்லாமல் ஓட்டியது என்று கேட்டார். எங்கள் வண்டிக்கு ஒரு நாள் தவறாமல் காற்றுப் பார்க்க ஆள் இருக்கிறது என்று மாமா அவரோடு மல்லுக்கு நின்றார். காற்றுக் குறைந்தால் டயர் நடுவில் குழிந்து ஓரங்களில் நிற்கும், ஓரங்கள்தான் தேயும் என்று வகுப்பில் படம் போட்டே காட்டியிருந்தார்கள். காற்று கூடினால் நடு புடைத்துக்கொள்ளும், நடுப் பட்டன் தேயும். படமும் பொய் சொல்லவில்லை, பலகையும் பொய் சொல்லவில்லை. பிறகு டயர் மட்டும் ஏன் வேறு கதை சொல்கிறது? கழற்றிய டயர்களை மாமா, ஓட்டிப் பழகும் மைதானத்தின் மூலைக்கு ஒன்றாகப் போட்டுவைத்தார். வகுப்புக்கு வருபவர்கள் அவற்றைச் சுற்றித் திரும்பினார்கள். அவள் மட்டும் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் குனிந்து பார்த்துவிட்டுப் போனாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை அக்காவோடு அவளும் கிளம்பினாள். அக்கா நர்ஸ். வீடு வீடாகப் போய், எழுந்து நடமாட முடியாதவர்களின் புண்ணுக்குக் கட்டுப் போடுகிற வேலை. ஊரின் கடைசியில் இருக்கும் வீடுகளுக்குப் பஸ் கிடையாது. லைசென்ஸ் எடுத்தால் அந்தப் பாதையை அக்காவுக்குத் தருவதாக ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். கூடவே பெரிய நர்ஸ் என்ற பதவியும் வரும். அக்கா கேட்டு, காத்திருந்து வாங்கிய வாய்ப்பு அது. ஆனால் ஸ்கூல் வண்டியிலேயே ஓட்டி இரண்டு முறை டெஸ்ட்டில் தோற்றாகிவிட்டது. மூன்றாவது வருகிற செவ்வாய் காலை. அதிலும் போனால் அந்தப் பாதை வேறு ஒருவருக்கு.

“ஞாயித்துக்கிழமையும் அதுவுமா நீ எதுக்குடி வர்றே?” என்று அக்கா கேட்டாள்.

அவள் பையிலிருந்து வால்வு மூடியை எடுத்துக் காட்டினாள்.

“இத்தனூண்டு மூடிக்கா? வயித்துக்குள்ள கத்தரிக்கோலை வச்சுத் தைச்சவங்ககூட இப்படி முழிக்க மாட்டாங்க.”

சொல்லிவிட்டு அக்கா வலது கையை மூடி மூடித் திறந்தாள். உள்ளங்கையில் ஒரு ரப்பர் பந்து. கைக்குப் பலம் வர வேண்டும் என்று சில வாரங்களாகவே போகும்போதும் வரும்போதும் அதைப் பிசைந்துகொண்டிருக்கிறாள். அக்கா சின்ன உருவம். ஸ்டீயரிங் தன் பேச்சைக் கேட்பதில்லை என்பது அவள் குறை. கையில் பலம் இல்லை என்பது மாமாவின் தீர்ப்பு. காலையில் வருகிறவர்களுக்குத் தூக்கம் கலைவதில்லை, அதனால்தான் காலைக்காரர்கள் தோற்கிறார்கள், மதியக்காரர்கள் ஜெயிக்கிறார்கள் என்று ஒரு சித்தாந்தமும் அவர் வைத்திருந்தார். அக்காவுக்கு முன் காலை நேரத்தில் வந்துகொண்டிருந்த பேக்கரிக்காரர் ஒருவர், தனக்கு இந்த ஜென்மத்தில் வண்டி வராது என்று கும்பிடு போட்டுவிட்டுப் போயே போய்விட்டார்.

ஷெட்டில் வண்டி பனியில் நனைந்த மாதிரி குளிர்ந்து நின்றது. மூடியைப் போடும் முன், ராத்திரியில் எவ்வளவு காற்று இறங்கியிருக்கிறது என்று பார்த்துவிடலாமென்று கேஜை வைத்தாள். இருபத்தாறு.

ஒரு மூடியை மறந்ததற்கு இத்தனை காற்றா? அழுகை முட்டிக்கொண்டு வந்த நேரத்தில், அவளுக்குள் இருந்த ஒழுங்குப் பிசாசு மற்ற டயர்களையும் பார்க்கச் சொன்னது. முன் வலது டயரில் மூடி கெட்டியாகத்தான் இருந்தது. அதுவும் இருபத்தாறு. பின்னால் இரண்டும் இருபத்தெட்டு.

மூடியின் மேல் குற்றம் இல்லை. அப்படியானால் யார் மேல்?

மாமா சாவியோடு வந்தார். விஷயத்தைச் சொன்னதும் பலகையைத் திரும்பிப் பார்த்தார்.

“நேத்து என்ன எழுதின?”

“முப்பத்திரெண்டு.”

“அப்புறம் என்ன? காத்து ராத்திரி எந்திரிச்சு அம்மா வீட்டுக்குப் போயிடுச்சா? இந்நேரத்துக்குக் காத்தடிக்கிற கம்ப்ரெஸரைப் போட்டா அந்தச் சத்தத்துக்குப் பக்கத்து வீட்டுக்காரர் என்னைத்தான் அனுப்பிவைப்பார். சிஸ்டர், நீங்க ஏறுங்க.”

முதலாளியை மீற முடியாது. ஆனால் பலகைக்குக் கீழே கிடந்த சாக்பீஸைப் பார்த்ததும் ஒரு யோசனை வந்தது. வகுப்பில் யாரோ சொன்ன வித்தை. முன் டயர்கள் இரண்டின் மேலும் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை குறுக்கே ஒரு கோடு இழுத்தாள். ஷெட்டிலிருந்து மைதானத்து வாசல் வரை நேரான சந்து. வண்டி மெதுவாக உருள, அவள் பின்னாலேயே நடந்தாள். வாசல் கதவைத் திறக்க மாமா இறங்கியபோது டயர் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து பார்த்தாள். இரண்டு ஓரங்களிலும் சாக்பீஸ் சுத்தமாக அழிந்து போயிருந்தது. நடுவில் கோடு வெள்ளை வெளேரென்று அப்படியே இருந்தது. மூலையில் கிடந்த மொட்டை டயரைப் பார்த்தாள். அதே கதை. ஒரு வருஷத்தில் அது சொன்னதை இந்தச் சாக்பீஸ் ஒரு சந்துக்குள் சொல்லிவிட்டது.

அன்றைய வகுப்பு அக்காவுக்கு நன்றாகப் போகவில்லை. வரிசையாக வைத்த கூம்புகளுக்கு நடுவே வளைந்து வளைந்து போக வேண்டும். அக்கா தோளை முன்னால் கொடுத்து, சீட்டிலிருந்து பாதி எழுந்து ஸ்டீயரிங்கை இழுத்தாள். வண்டி யோசித்து யோசித்துத் திரும்பியது. திரும்ப ஆரம்பித்த பிறகு நிற்க மனசில்லாமல் அடுத்த கூம்பை நோக்கிப் போனது. “சிஸ்டர், ஸ்டீயரிங்கைப் பிடிங்க. பல்ஸ் பார்க்காதீங்க,” என்று மாமா சொல்வது வெளியே நின்றவளுக்கும் கேட்டது. நான்காவது கூம்பு வண்டிக்கு அடியில் போய் மாட்டிக்கொண்டது. மாமா தன் பிரேக்கை மிதித்தார்.

அக்கா இறங்கி வந்து, கூம்பைத் தானே இழுத்து எடுத்து நிமிர்த்தி வைத்தாள். முகத்தில் கோபம் இல்லை. அதுதான் பயமாக இருந்தது.

“செவ்வாய்க்கிழமை டெஸ்ட்டை ரத்து பண்ணிடு. நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள அங்க சொன்னாப் போதும்ல?”

“அக்கா, டயர்ல ஏதோ...”

“டயர் டயர்ன்னு சொல்லி என்னைத் தேத்தாதடி. இதே வண்டியைத்தான் அந்த டெய்லர் ஓட்டுறார். எனக்கு வராதது வராது. ஃபோன் பண்ணிடு.”

டெய்லர் மதிய வகுப்புக்காரர். அன்று மதியமும் வந்தார். அவர் ஒல்லி, அக்காவைவிடக் கொஞ்சம்தான் உயரம், கையில் பந்தும் இல்லை. துணியில் கத்தரி போவது போலக் கூம்புகளுக்கு நடுவே போய் வந்தார். திரும்பி வரும்போது சந்தின் ஆரம்பத்தில் வண்டியை நிறுத்தச் சொல்லி அவள் மறுபடி கோடு போட்டாள். டெய்லர் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, தைக்கும் முன் இப்படித்தான் நாங்களும் கோடு போடுவோம், வெட்டிவிடாதே என்றார். ஷெட்டில் வந்து பார்த்தபோது கோடு ஓரம், நடு என்ற வித்தியாசம் இல்லாமல் ஒரே சீராக அழிந்திருந்தது.

கழுவினாள். புறங்கையை வைத்தாள், ஜில்லென்று இருந்தது. கேஜை வைத்தாள். முப்பத்திரண்டு. மறு பக்கமும் முப்பத்திரண்டு.

காலையிலிருந்து யாரும் காற்றடிக்கவில்லை. அவள் மாமாவிடம் கேட்டும் பார்த்தாள். நான் எதற்கு உன் வேலையில் மூக்கை நுழைக்கிறேன் என்றார். ஒரு வாளியில் சோப்புத் தண்ணீர் கலக்கி வால்வுகளின் மேல் ஊற்றினாள். ஒரு குமிழிகூட வரவில்லை. காற்று இறங்கவும் இல்லை, யாரும் ஏற்றவும் இல்லை. காலையில் இருபத்தாறு, மதியம் முப்பத்திரண்டு. கேஜுக்குத்தான் புத்தி பேதலித்துவிட்டதோ என்று, அதைச் சோதிக்க டிக்கியைத் திறந்து ஸ்டெப்னியில் வைத்துப் பார்த்தாள். ஸ்டெப்னி என்பது ஆபத்துக்கு வைத்திருக்கும் ஐந்தாவது டயர். அதை யாரும் கண்டுகொள்வதே இல்லை. முப்பது காட்டியது.

அன்று மாலை அக்கா பந்தைப் பிசையவில்லை. பந்து அலமாரி மேல் இருந்தது.

திங்கள் ஸ்கூலுக்கு விடுமுறை. பொழுது விடிந்ததும் அவள் ஷெட்டில் நின்றாள். முன் டயர்கள் இருபத்தாறு. டிக்கியைத் திறந்தாள். ஸ்டெப்னி முப்பது.

அவள் டிக்கி மூடியைப் பிடித்தபடியே நின்றாள். நேற்று மதியமும் முப்பது, இன்று விடியலிலும் முப்பது. கேஜ் சரியாகத்தான் இருக்கிறது. வெயில், குளிர் என்று சொன்னால் அது ஸ்டெப்னிக்கும் சேர்த்துத்தானே? நான்கு டயர்களின் எண் ஏறி இறங்குகிறது, ஐந்தாவதன் எண் அசையவில்லை. அந்த நான்குக்கும் இதற்கும் ஒரே ஒரு வித்தியாசம். இது ஓடுவதில்லை.

ஷெட்டை ஒட்டிய வீட்டில் தூங்கிய மாமாவை எழுப்பி, தயவுசெய்து வண்டியை எடுத்து ஊரைச் சுற்றிக்கொண்டு வாருங்கள் என்று கேட்டாள். விடுமுறையில் எதற்கு என்று முனகியவர், பெட்ரோலாவது போட்டுக்கொண்டு வருகிறேன் என்று போனார். மைதானத்திலும் நான்கு சுற்றுச் சுற்றிவிட்டு வரச் சொன்னாள். சொந்த ஸ்கூலிலேயே எனக்கு வகுப்பா என்று கேட்டுக்கொண்டே சுற்றினார். திரும்பி வந்ததும் முன் டயரைத் தொட்டாள். சுட்டது. கேஜ் முப்பத்திரண்டு காட்டியது. ஸ்டெப்னி அசையவில்லை.

ஓடினால் டயர் சூடாகிறது. உள்ளே இருக்கும் காற்றும் சூடாகி டயரை நெட்டித் தள்ளுகிறது. அதுவும் இன்ஜின் பக்கத்தில் இருந்து, பிரேக்கின் சூட்டையும் வாங்கி, மைதானத்தில் ஓயாமல் திரும்பும் முன் டயர்களில் இன்னும் அதிகமாக. இதை வகுப்பில் கேட்டிருக்கிறாள், எழுதியும் இருக்கிறாள். அதனால்தானே ஆறிய பிறகு பார்க்கிறாள்?

அப்போதுதான் அவள் கண் ஹோஸ் பைப்பில் பட்டது. மெதுவாகப் போய்த் திறந்தாள். வழக்கம் போல டயர்களைக் கழுவினாள். வழக்கம் போலப் புறங்கையை வைத்தாள். ஜில்லென்று இருந்தது. கேஜை வைத்தாள். முள் கொஞ்சமும் இறங்கவில்லை. ரப்பரின் தோல்தான் குளிர்ந்திருந்தது. உள்ளே இருந்த காற்றுக்கு, டயர் குளித்த விஷயமே தெரியாது.

கூடுதலாகக் காட்டியபோதெல்லாம் ‘உஸ்’ என்று தான் இறக்கிவிட்டது கூடுதல் காற்று இல்லை, அன்றைய ஓட்டத்தின் சூடு என்று அவளுக்குப் புரிந்தது. சூடு போன பிறகு, மறுநாள் காலையில் முதல் வகுப்புக்கு வருபவர் குழிந்த டயரில் ஏறுகிறார், ஸ்டீயரிங் கனக்கிறது. அரைகுறையாகச் செய்திருந்தால் ஒரு நாள் தப்பியிருக்கும். இவள் ஒரு நாள்கூட விடாமல், மிகச் சரியாகச் செய்தாள். அவள் மூலையில் கிடந்த மொட்டை டயர் மேல் போய் உட்கார்ந்தாள்.

மாமாவிடம் சொல்லத்தான் முதலில் தைரியம் வேண்டியிருந்தது. அவர் முழுவதையும் கேட்டார். திட்டுவார் என்று எதிர்பார்த்தாள். அவருக்கோ வேறு கவலை.

“அப்போ காலைல வர்றவங்களுக்குத் தூக்கமெல்லாம் இல்லையா?”

“இல்ல மாமா.”

“நானும்தான் காலைல ஓட்டுறேன். கொஞ்சம் கனமாத்தான் இருக்கும். வண்டிக்கும் தூக்கம்னு நெனச்சேன்.” பலகைப் பக்கம் திரும்பினார். “டயர்க்காரர்கிட்ட வேற அந்தச் சண்டை போட்டேனே.” பிறகு, அவளைப் பார்க்காமல், “பேக்கரிக்காரர் பாவம்மா,” என்றார்.

அக்கா வீட்டில் யூனிஃபார்முக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். தங்கை ஒன்றையும் விடாமல் சொன்னாள்: மூடி, சாக்பீஸ், ஸ்டெப்னி, ஹோஸ் பைப். அக்கா இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள்.

“நெத்தியில ஈரத்துணியைப் போட்டுட்டு, நெத்தியைத் தொட்டுப் பார்த்துக் காய்ச்சல் இல்லன்னு சொல்லியிருக்க. உள்ள கொதிக்குது.”

“ஆமா.”

“தினமும்?”

“தினமும்.”

அக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். “ரெண்டு தடவைடி. என் கைல பலம் இல்லன்னு நானே நம்பிட்டேன். ராத்திரி பகலாப் பந்தைப் பிசைஞ்சேன்.” குரல் உடைந்ததா, சிரித்ததா என்று தங்கைக்குத் தெரியவில்லை. மன்னிப்புக் கேட்க வாயெடுத்தாள். அக்கா கை காட்டி நிறுத்தினாள். அதை அப்புறம் வைத்துக்கொள்ளலாம், இது உன் கணக்கா என் கையா என்று முதலில் பார்த்துவிடுவோம், ஃபோன் மட்டும் இன்னும் பண்ணாதே என்றாள்.

வண்டி மதியம் வரை நிழலில், யாரும் தொடாமல், யாரும் கழுவாமல் நின்றது. இதற்குள் அவள் எத்தனை முறை அந்தப் பக்கம் போய் வந்தாளோ, அவளுக்கே தெரியாது. அக்கா வந்தபோது முன் டயர்கள் இருபத்தேழு காட்டின. ஏறியது தானாகவே இறங்கியிருந்தது.

கம்ப்ரெஸரைப் போட்டதும் மாமாவுக்கு உற்சாகம் தாங்கவில்லை. ஆறு குறைந்ததற்கே ஸ்டீயரிங் இவ்வளவு கனம் என்றால், எட்டுக் கூட்டி வைத்தால் சிஸ்டர் ஒரு விரலால் திருப்புவாரே என்றார். நாளை டெஸ்ட்டுக்கு நாற்பது வைத்துவிடு, முடிந்ததும் இறக்கிக்கொள்ளலாம். அக்காவின் கண்ணும் அதைக் கேட்டு மின்னியது. தங்கைக்கு அது தவறு என்று தெரியும், ஆனால் எந்த முகத்தோடு இல்லை என்பாள்? பலகையில் எழுதியதை நம்பச் சொல்லும் உரிமையை அவள் அன்று காலையே இழந்துவிட்டாள். அதனால் மறுக்கவில்லை. நாற்பது வைத்தாள், குறுக்கே கோடு போட்டாள்.

ஸ்டீயரிங் பஞ்சு போல லேசாக இருந்தது. அக்கா முதல் கூம்பைச் சுற்றியதும் ஜன்னல் வழியாகக் கையை ஆட்டினாள். இரண்டாவது கூம்புக்கு அருகே தரை மேடு பள்ளம். அங்கே வண்டி தவளை மாதிரி எகிறியது. எகிறிய நேரத்தில் ஸ்டீயரிங் யார் பேச்சையும் கேட்கவில்லை. ஷெட்டுக்கு முன்னால் கழுவிக் கழுவி ஈரமாகவே கிடக்கும் சிமெண்டுத் தரையில், தான் கிழித்த கோட்டில் தங்கை நிறுத்தச் சொன்னாள். அக்கா பிரேக் போட்டாள், மாமாவும் போட்டார். வண்டி கோட்டைத் தாண்டி வழுக்கிப் போய் நின்றது.

மூவரும் இறங்கி முன் டயரைச் சுற்றிக் குந்தினார்கள். இந்த முறை ஓரங்களில் சாக்பீஸ் அப்படியே இருந்தது. நடுவில் மட்டும் ஒரு விரற்கடை அகலத்துக்கு அழிந்திருந்தது.

“இவ்வளவுதான் தரையைத் தொடுதா?” என்று அக்கா கேட்டாள்.

“இப்ப இவ்வளவுதான்.”

அக்கா விரலால் அந்த இடத்தை அளந்து பார்த்தாள். “லேசா இருக்குன்னு சந்தோஷப்பட்டேன். பிடிக்கவே ஆளில்லாம இருந்திருக்கு. இறக்குடி.”

‘உஸ்’ என்று காற்று இறங்கியது. அந்தச் சத்தம் அவளுக்குப் பிடிக்காமல் போயிருந்தது. ஆனாலும் கேஜை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. ஓடியது கொஞ்சத் தூரம்தான், டயர் சூடாகவில்லை; முப்பத்திரண்டில் நிறுத்தினாள். நான்கிலும் மூடி போட்டாள், ஒவ்வொன்றையும் திருகிப் பார்த்தாள்.

மாமா பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருக்க, அக்கா கூம்புகளுக்கு நடுவே போனாள். ஸ்டீயரிங் பஞ்சாக இல்லை, கல்லாகவும் இல்லை. திருப்பினால் திரும்பியது. விட்டால் நேராக வந்தது. மாமாவின் கால் பழக்கத்தில் ஒருமுறை மேலே எழுந்து, வேலை இல்லாமல் கீழே இறங்கியது. எல்லாக் கூம்புகளையும் தாண்டியாயிற்று. கடைசியாகப் பின்னால் எடுத்து இரண்டு கூம்புகளுக்கு இடையே நிறுத்த வேண்டும். அங்கே அக்கா கிளட்சை அவசரமாக விட்டாள். வண்டி ஒரு குலுங்கு குலுங்கி, பின்னால் இருந்த கூம்பைத் தட்டிவிட்டு நின்றது.

அக்கா இறங்கிப் போய், கவிழ்ந்து கிடந்த கூம்பை இடுப்பில் கை வைத்துக்கொண்டு பார்த்தாள்.

“இதுக்கு டயரைச் சொல்ல முடியாதுல்ல?”

அவளுக்குப் பொய் சொல்ல வரவில்லை. “முடியாதுக்கா.”

“அப்ப இது எனக்கே எனக்கு.” அக்கா சிரித்தாள். பல வாரங்களுக்குப் பிறகு கேட்ட சிரிப்பு. “எது என் தப்பு, எது இல்லன்னு தெரியாமத்தான்டி நான் செத்தேன். இது கால் தப்பு. இதைப் பழகிக்கலாம். இன்னொரு தடவை வரேன், கூம்பை எடுத்து வை.”

இன்னொரு தடவை வந்தாள், கூம்பைத் தட்டினாள். அதற்கடுத்த முறை தட்டவில்லை. அதற்கும் அடுத்த முறை மறுபடி லேசாக உரசினாள். வெயில் தாழ்ந்துகொண்டிருந்தது. டெஸ்ட் அலுவலகத்தை மூடும் நேரம் நெருங்கியது. தங்கை ஃபோனைக் கையில் வைத்துக்கொண்டு என்ன செய்ய என்பது போல அக்காவைப் பார்த்தாள். அக்கா கண்ணாடியை இறக்கி, ஃபோனை வாங்கி டாஷ்போர்டில் கவிழ்த்து வைத்தாள். பையிலிருந்து ரப்பர் பந்தை எடுத்து அவளிடம் எறிந்தாள்.

“இதை நீ வச்சுக்கோ. நாளைக்கு நான் ஓட்டுறப்போ உனக்குத்தான் கை நடுங்கும்.”

மாமா கரும்பலகையில் புடைத்திருந்த எண்ணை ஈரத்துணியால் துடைத்துவிட்டார். அது முழுதாகப் போகவில்லை, தடம் இருந்தது.

அன்று மாலை அவள் வகுப்பில் கை தூக்கிக் கேட்டாள்: மூடி இல்லாவிட்டால் காற்று இறங்குமா? வால்வு நன்றாக இருந்தால் இறங்காது, தூசி போகாமல் இருக்கத்தான் மூடி என்றார்கள். யாரும் சிரிக்கவில்லை. பக்கத்தில் இருந்தவன் அதை எழுதிக்கொண்டான். வீட்டுக்கு வந்ததும் அவளும் எழுதினாள்.

நவம்பர் 17, திங்கள். தவறு: டயரின் தோலைத் தொட்டுப் பார்த்து, உள்ளே இருப்பதும் ஆறிவிட்டது என்று நினைத்தேன். அக்காவிடம் சொல்லிவிட்டேன். மாமாவிடமும் சொல்லிவிட்டேன். பேக்கரிக்காரரிடம் இன்னும் சொல்லவில்லை.

நாளை: விடிந்ததும், வண்டியைக் கிளப்பும் முன், கழுவும் முன், நான்கு டயரிலும் ஸ்டெப்னியிலும் காற்றுப் பார்க்க வேண்டும். மூடிகளைப் போட வேண்டும். அக்காவை டெஸ்ட்டுக்கு அனுப்பிவிட்டு, முடிவு எதுவானாலும், பேக்கரிக்குப் போய் அவர் கையில் குறை இல்லை என்று சொல்ல வேண்டும்.